சுகர் மாத்திரையோடு மூலிகை கேப்சூல்: கவுன்ட்டரில் தினமும் கேட்கும் கேள்விகள்

சென்னை மேற்கு மாம்பலத்தில் ஒரு சின்ன மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறேன். பார்மசிஸ்ட், டாக்டர் இல்லை. சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் வாங்க வருகிறவர்களில் பலருடைய பையில் இன்னொரு டப்பாவும் இருக்கும். பில் போட்டு முடித்த பிறகு, பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டு, அதைப் பற்றிக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். மாத்திரையின் அளவைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் உங்கள் டாக்டரோடு பேசிச் செய்ய வேண்டியது.

எனக்கு சுகர்தானே சார், லிவரை எதுக்கு ஸ்கேன் பண்ணச் சொல்றாங்க?

சாப்பிட்டதில் மிஞ்சும் சர்க்கரையைச் சேர்த்து வைப்பதும், ராத்திரி வயிறு காலியாக இருக்கும்போது அதை ரத்தத்தில் விடுவதும் கல்லீரலின் வேலை. இன்சுலின் 'போதும்' என்றால் அது நிறுத்த வேண்டும். டைப் 2 சர்க்கரை நோயில் அந்தச் சொல் கல்லீரலின் காதில் சரியாக விழுவதில்லை. ராத்திரி எட்டு மணிக்கு இரண்டே இட்லி சாப்பிட்டுப் படுத்தவருக்குக் காலையில் ஃபாஸ்டிங் (வெறும் வயிற்றுச் சர்க்கரை) 160 வருவது பெரும்பாலும் இதனால்தான்.

இதே கோளாறால் கல்லீரலில் கொழுப்பும் சேர்கிறது. டைப் 2 உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் கொழுப்புக் கல்லீரல் இருக்கிறது. வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாத மாமிகளும் இதில் அடக்கம். 'நான்-ஆல்கஹாலிக்' (மதுவால் வராதது) என்று இருந்த பெயரை 2023-ல் மாற்றி, 'மெட்டபாலிக்' (வளர்சிதை மாற்றம் சார்ந்தது) என்ற சொல்லைச் சேர்த்தார்கள். ரிப்போர்ட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் விஷயம் ஒன்றுதான்.

ஸ்கேன்ல கிரேடு ஒன் ஃபேட்டி லிவர். ஆனா எஸ்ஜிபிடி நார்மல். அப்போ பயமில்லைதானே?

எஸ்ஜிபிடி என்பது அடிபட்ட கல்லீரல் செல்லிலிருந்து கசியும் நொதி. கசிவு இல்லாமலே கொழுப்பு இருக்கலாம், தழும்பும் விழுந்திருக்கலாம். அதனால் அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு நிம்மதியாகப் போய்விட வேண்டாம்.

கையிலுள்ள ரிப்போர்ட்டை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். தழும்பு விழுந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் கணக்கு அது, ஃபிப்-4 என்று பெயர். வயதை எஸ்ஜிஓடியால் (ரிப்போர்ட்டில் எஸ்ஜிபிடியோடு வரும் இன்னொரு நொதி) பெருக்குங்கள். பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுத்துக்கொண்டு, எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள். வயது 60, எஸ்ஜிஓடி 38, எஸ்ஜிபிடி 36, பிளேட்லெட் 1,90,000 என்று வைத்துக்கொள்வோம். 60 × 38 = 2280. 190 × 6 = 1140. விடை 2. லேப் ரிப்போர்ட்டில் எல்லாமே 'நார்மல்'. ஆனால் இந்த எண் 1.3-க்குக் கீழே இருந்தால்தான் ஆறுதல். 2.67-ஐத் தாண்டினால் கல்லீரல் டாக்டரைப் பார்க்க வேண்டும். நடுவில் இருந்தால், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 1.3-க்குப் பதில் 2 என்று வைத்துப் பார்ப்பார்கள்.

செடி கொடிதானே, கெமிக்கல் இல்லையே. அது எப்படி லிவரைக் கெடுக்கும்?

அரளியும் செடிதான். குடலில் உறிஞ்சப்படுவது எதுவானாலும் பெரும்பாலும் முதலில் போய் நிற்கும் இடம் கல்லீரல். தோட்டத்திலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்று அது கேட்பதில்லை. உடைத்துப் பிரித்து வெளியேற்றப் பார்க்கும். அப்படி உடைக்கும்போது சில பொருள்கள் மூலத்தைவிட மோசமான துண்டுகளாக மாறும். சிலருக்கு அந்தத் துண்டுகளைப் பார்த்து உடம்பின் எதிர்ப்பு சக்தியே சொந்தக் கல்லீரல்மேல் பாயும். யாருக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்வது கஷ்டம்.

இதில் ஒரு வேடிக்கை. 'இங்கிலீஷ் மருந்து லிவரை அரிக்கும்' என்று எல்லோரும் பயப்படும் மெட்ஃபார்மினின் பூர்வீகமே ஒரு செடிதான். ஐரோப்பாவில் கலேகா என்ற செடியில் இருந்த பொருளைப் பார்த்து உருவாக்கினார்கள்; 1957-ல் பாரிஸில் ழான் ஸ்டெர்ன் என்ற டாக்டர் சர்க்கரைக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். அதைக் கல்லீரல் உடைப்பதே இல்லை. உள்ளே போன உருவிலேயே சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. அதனால்தான் டாக்டர், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பார்க்கச் சொல்கிறார். கொழுப்புக் கல்லீரலுக்குப் பயந்து மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டு, பெயர் தெரியாத பொடிக்கு மாறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

மஞ்சள் தினமும் சாம்பார்ல போடறோம். கேப்சூலா போட்டா மட்டும் என்ன கெடுதல்?

அளவுதான். மஞ்சள்தூளில் அதன் முக்கியச் சத்தான குர்குமின் சுமார் 3 சதவீதம். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் 3 கிராம் என்றால் அதில் 90 மில்லிகிராம் இருக்கும். நாலு பேர் சாப்பிடும் குழம்புக்கு அரை ஸ்பூன் போடுகிறோம். கேப்சூலில் '500 மில்லிகிராம், 95 சதவீதம் குர்குமினாய்டு' என்று போட்டிருந்தால், ஒரே கேப்சூலில் ஐந்து டீஸ்பூனுக்கு மேல் இருக்கிறது. காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்றால் பத்து ஸ்பூன். எந்த மாமியாராவது அப்படிச் சமைத்திருக்கிறாரா?

அதோடு முடியவில்லை. டப்பாவைத் திருப்பினால் 'பைப்பரின் சேர்த்தது' என்று பெருமையாகப் போட்டிருக்கும். மிளகின் சத்து அது. 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில், குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்தில் ஏறும் அளவு இருபது மடங்கானது. சும்மா சாப்பிட்டால் மஞ்சள் பெரும்பாலும் உறிஞ்சப்படாமலே வெளியே போய்விடும். அந்தக் கதவைத்தான் பைப்பரின் திறந்துவிடுகிறது. ரசத்திலும் மஞ்சளும் மிளகும் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன, சிட்டிகைக் கணக்கில்.

மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைப் பதிவுசெய்யும் அமெரிக்க ஆய்வுக்குழு, மஞ்சளால் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி எழுதியது. அதில் 7 பேருக்கு எச்எல்ஏ-பி 35:01 என்ற மரபணு அடையாளம் இருந்தது. ஒருவர் இறந்தார். எத்தனையோ பேர் சாப்பிடுவதில் இது அபூர்வம்தான். சில சின்ன ஆய்வுகளில் மஞ்சள் எஸ்ஜிபிடியைக் கொஞ்சம் குறைத்ததும் உண்மை. ஆனால் அந்த மரபணு உங்களுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு யாரும் கேப்சூல் விற்பதில்லை.

அப்போ கிரீன் டீயும் கூடாதா?

கப்பில் குடிப்பதற்குப் பிரச்சினை இல்லை. இளைப்பதற்கான கேப்சூலில் வரும் கிரீன் டீ சாறுதான் சிக்கல். அதிலுள்ள இஜிசிஜி என்ற பொருள் நாளைக்கு 800 மில்லிகிராமை எட்டும்போது கல்லீரல் நொதிகள் ஏறுவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொன்னது. மேலே சொன்ன அதே மரபணு அடையாளம் இதிலும் அடிபடுகிறது. 'கார்சினியா' கேப்சூலுக்கும் இதே பேச்சு. அது நம்ம குடம்புளி வகைதான். மீன்குழம்பில் போடுங்கள், கேப்சூலாக வேண்டாம்.

கீழாநெல்லி லிவருக்கு நல்லதுன்னு மெட்ராஸ் யுனிவர்சிட்டியே சொல்லியிருக்காமே?

பாதி உண்மை. அந்தக் கதை நம்ம ஊர்க் கதை என்பதால் முழுதாகச் சொல்கிறேன். 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளூம்பெர்க்கும் அதில் ஒருவர். கிருமியைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் தூள் கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்து, நியூசிலாந்து என்று வேறு இடங்களில் செய்தபோது அந்த வெற்றி கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆய்வு நடந்தது ஹெபடைட்டிஸ் பி கிருமிக்கு. உங்கள் பிரச்சினை கொழுப்பு. ஒன்றுக்குச் சொன்னதை இன்னொன்றுக்கு ஒட்டவைத்து டப்பாவில் அச்சடிக்கிறார்கள்.

'எங்க பாட்டி மூணு நாள் மோர்ல அரைச்சுக் குடுத்தா காமாலை போயிடும்' என்பதும் பொய்யில்லை. அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ, ஈ காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் தானாகவே இறங்கிவிடும். கூடவே இருந்த கீழாநெல்லிக்குப் பேர் கிடைத்தது. சுகர்காரர் கண் மஞ்சளானால் அந்தக் கணக்கு செல்லாது. பித்தக்குழாய்க் கல், கணையம், சாப்பிடும் மருந்து எதுவும் காரணமாக இருக்கலாம். பத்தியம் என்று கஞ்சி மட்டும் குடித்தால் சுகர் எகிறும். பட்டினி கிடந்து, சுகரை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரை போட்டால் மயக்கம் வரும்.

கொரோனா டைம்லேர்ந்து சீந்தில் சாப்பிடறேன். சுகருக்கும் நல்லதுன்னு சொன்னாங்க.

வடக்கே கிலோய் என்பதும் நம்ம சீந்திலும் ஒரே கொடி. 2020 செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை மும்பையில் இதைச் சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை அங்குள்ள டாக்டர்கள் 2021-ல் எழுதினார்கள். பிறகு நாட்டின் 13 மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரைப் பற்றி எழுதின. எதிர்ப்பு சக்தியே கல்லீரலைத் தாக்கும் வகை அது. 'எதிர்ப்பு சக்தி கூடும்' என்றுதானே வாங்கினோம்!

ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்தது. அவர்கள் சாப்பிட்டது சீந்திலின் உறவான வேறொரு கொடியாக இருக்கலாம் என்றது. இருக்கட்டும். பொடியாகி டப்பாவில் அடைத்த பிறகு எந்தக் கொடி என்று நீங்களோ நானோ எப்படிக் கண்டுபிடிப்பது? தைராய்டு, மூட்டு என்று எதிர்ப்பு சக்திக் கோளாறு ஏற்கெனவே உள்ளவர்களை நான் நேராகவே 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவேன்.

சிறுகுறிஞ்சான், ஆவாரம்பூ?

சிறுகுறிஞ்சான் இலையை ஒரு நிமிஷம் மென்றுவிட்டு வாயில் சர்க்கரை போட்டுப் பாருங்கள். மணலை மெல்வது போல இருக்கும். இனிப்பை உணரும் இடத்தை அது அடைத்துவிடுகிறது. 1990-ல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 22 டைப் 2 நோயாளிகளுக்கு, ஏற்கெனவே சாப்பிட்ட மாத்திரையோடு இதன் சாறு நாளைக்கு 400 மில்லிகிராம் வீதம் ஒன்றரை வருஷத்துக்கு மேல் கொடுத்தார்கள். சுகர் குறைந்தது, ஐந்து பேர் மாத்திரையையே விட்டார்கள். நம்பிக்கை தரும் ஆய்வுதான், ஆனால் சின்னது. கல்லீரல் பாதிப்பு என்று வெளிவந்தது மிக அபூர்வம். எனக்குள்ள பயம் வேறு: கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர் இதையும் சேர்த்தால் சுகர் தடாலென்று இறங்கலாம்.

ஆவாரம்பூ டீ ஒரு கப் குடிப்பவரை நான் தடுப்பதில்லை. ராசப்பச் செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடையில் பொடியாக வாங்காமல் காய்ந்த பூவாகவே வாங்குங்கள். பூவென்றால் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வழியோரத்தில் நீங்களே பறிக்கிறேன் என்று கிளம்ப வேண்டாம். ஆவாரைக்கு பேயாவரை என்று ஒரு சொந்தம் உண்டு. அதன் விதையைத் தின்ற குழந்தைகள் உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில் கல்லீரலும் மூளையும் பாதித்து இறந்திருக்கிறார்கள்.

பட்டைத் தண்ணி குடிக்கறேன் தம்பி. அதுவுமா?

எந்தப் பட்டை, பாட்டி? பிரியாணிக்குப் போடும் தடித்த, ஒற்றைச் சுருளாக, உடைக்கக் கஷ்டமாக இருப்பது கேசியா. சுருட்டு மாதிரி பல மெல்லிய அடுக்காக, விரலால் நொறுங்குவது இலங்கைப் பட்டை. கேசியாவில் கூமரின் அதிகம். அது சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வரை தினமும் தாங்கும் என்பது கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 6 மில்லிகிராம். ஒரு டீஸ்பூன் கேசியாப் பொடியே அதைத் தொட்டுவிடலாம். குழம்பில் ஒரு துண்டு பரவாயில்லை. தினமும் பொடி என்றால் இலங்கைப் பட்டைக்கு மாறுங்கள்.

வாக்கிங் போற இடத்துல பாகற்காய், சுரைக்காய், கற்றாழை எல்லாம் ஜூஸா விக்கறாங்களே?

சுரைக்காய் ஜூஸ் கசந்தால் அந்த நிமிஷமே துப்பிவிடுங்கள். 2010-ல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி கசந்த சுரைக்காய் ஜூஸைக் குடித்து இறந்தார். கசந்தால் குடிக்காதீர்கள் என்று அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நிபுணர் குழுவும் சொன்னது. பாகற்காயோடு கலந்து தந்தால் எது கசக்கிறது என்றே தெரியாது. அந்தக் கலவையை வாங்கவே வேண்டாம். கற்றாழையைத் தொடர்ந்து உள்ளுக்கு எடுத்துக் கல்லீரல் அழற்சி வந்தவர்களும் உண்டு. பாகற்காயைப் பொரியலாகச் சாப்பிடுங்கள். நார்ச்சத்தும் கிடைக்கும்.

அப்போ ஒரு லிவர் டானிக் குடுங்க. லிவரை கிளீன் பண்ணிடும்ல?

கல்லீரலைக் கழுவும் டானிக் எதுவும் என் அலமாரியில் இல்லை. விற்பனைக்கு இருக்கிற டானிக்கையும் அந்த நம்பிக்கையில் வாங்காதீர்கள். மில்க் திசில் என்ற செடியின் சிலிமரின் மாத்திரை பரவலாக எழுதப்படுகிறது. பெரிய கெடுதல் இல்லை. ஆனால் கொழுப்புக் கல்லீரலைக் குணமாக்கும் என்று வழிகாட்டி நெறிகள் அதைப் பரிந்துரைக்கவில்லை. நன்மை கையில் சிக்கவில்லை, பில்தான் சிக்குகிறது.

நிச்சயமாக வேலை செய்வது எடை குறைவது. 80 கிலோ ஆள் 4 கிலோ குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்க ஆரம்பிக்கும். 8 கிலோ குறைந்தால் பலருக்கு அழற்சி அடங்கும், தழும்புகூடக் குறையலாம். இதை என் கடையில் விற்க முடியாது.

டப்பாவுல லைசென்ஸ் நம்பர் எல்லாம் போட்டிருக்கே?

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண் இருந்தால் அது உணவுக்கான உரிமம். 'இது சுகரைக் குணமாக்கும்' என்று யாரும் சோதித்துச் சான்று தந்ததாக அதற்கு அர்த்தமில்லை. சுகரைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். அப்படி வாட்ஸ்அப்பில் வந்தால், அந்த ஒரு வரியே வாங்காமல் இருக்கப் போதுமான காரணம்.

பற்பம், செந்தூரம் போன்ற உலோகம் சேர்ந்தவை தனி விஷயம். 2004-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14-ல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது. சித்த மருந்துதான் வேண்டும் என்றால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது. படித்த வைத்தியர் நாடி பார்த்து, உங்கள் லேப் ரிப்போர்ட்டையும் பார்த்துக் கொடுப்பது வேறு. தபாலில் வருவது வேறு.

டாக்டர்கிட்ட சொன்னா திட்டுவாரு சார்.

திட்டட்டும். போன ஆடியில் ஒரு அம்மா கவுன்ட்டரில் மஞ்சப்பையைக் கவிழ்த்தார். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, பிரஷர் மாத்திரை. கூடவே மஞ்சள் கேப்சூல், சீந்தில் மாத்திரை, லேபிள் இல்லாத பச்சைப் பொடி, மகள் அனுப்பிய அஸ்வகந்தா. எஸ்ஜிபிடி 410. 'டாக்டர் எல்லா மருந்தும் சொல்லுங்கன்னார், நான் மருந்தை மட்டும் சொன்னேன்' என்றார். மற்ற நாலும் அவர் கணக்கில் மருந்தே இல்லை. அஸ்வகந்தாவும் சில பேருக்குக் காமாலை வரவழைத்திருக்கிறது. நாலில் எது செய்தது என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த நாலையும் டாக்டர் நிறுத்தச் சொன்னார். மூன்று மாதத்தில் 38-க்கு வந்தது.

பையோடு போங்கள். பேர் சொல்ல வேண்டாம், டப்பாவை மேஜைமேல் வைத்தால் போதும்.

மூலிகை ஆரம்பிச்ச ஒரு மாசத்துல சுகர் நல்லா இறங்கிடுச்சு. மாத்திரையை விட்டுடலாமா?

இறங்கியதற்கு மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று, மூலிகை வேலை செய்திருக்கிறது. சிறுகுறிஞ்சான் பதிலில் சொன்னது போல, அப்போது தாழ்சர்க்கரையைக் கவனிக்க வேண்டும். இரண்டு, பொடிக்குள் யாரோ சுகர் மாத்திரையையே அரைத்துப் போட்டிருக்கிறார்கள். கிளிபென்கிளமைடு என்ற சுகர் மாத்திரை கலந்த 'மூலிகை'கள் வெளிநாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. மூன்றாவதைத்தான் யாரும் நினைப்பதில்லை. கல்லீரல் மோசமாக அடிபட்டால் ராத்திரி சர்க்கரையை வெளியே விடும் வேலை நின்றுபோகும். முதல் கேள்வியில் சொன்ன வேலை. அப்போது ஃபாஸ்டிங் அழகாக இறங்கும். பசியும் சேர்ந்து குறைந்திருந்தால் சந்தோஷப்படாமல் அன்றைக்கே எல்எஃப்டி (கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை) எடுங்கள்.

எதைப் பார்த்தா உடனே நிறுத்தணும்?

சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுவது, தோலில் ஒன்றுமில்லாமல் உடம்பெல்லாம் அரிப்பது. இதில் எது வந்தாலும் மூலிகையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள். குழப்பமான பேச்சு, பகலெல்லாம் தூக்கம் என்றால் நேராக எமர்ஜென்சி. ஆரம்பித்து வாரங்களோ ஆறு மாதமோ கழித்தும் வரலாம். 'இத்தனை நாள் ஒண்ணும் ஆகலியே' என்பது பதில் இல்லை.

நிறுத்தினதும் எஸ்ஜிபிடி நார்மல் ஆயிடுச்சு. பாதி டோஸ்ல மறுபடி ஆரம்பிக்கலாமா?

கூடாது. எதிர்ப்பு சக்தி ஒரு தடவை அடையாளம் வைத்துக்கொண்டால், இரண்டாவது தடவை சீக்கிரமாகவும் கடுமையாகவும் பாயும். வேறு கம்பெனி, வேறு டப்பா, அதே செடி என்றாலும் கூடாது.

மிச்சம் அரை டப்பா இருக்கே, வீணாப் போகுது. தங்கச்சிக்குக் குடுக்கட்டுமா?

இதைக் கேட்காதவர்கள் குறைவு. மரபணு பற்றி மேலே சொன்னேனே, கூடப்பிறந்தவருக்கும் அது இருக்க வாய்ப்பு அதிகம். டப்பாவை மூடி, பேட்ச் நம்பர் அழியாமல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் மருந்துப் பக்கவிளைவுப் பதிவுக்கு எழுதி அனுப்பலாம். நீங்களே சொல்வதானால் 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். பேட்ச் நம்பரைக் கேட்பார்கள்.